பன்னிரண்டாம் நம்பர் வயர்

அருளுக்கு அம்மா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, காலையில் நான் சுட்டுக் கொடுத்த தோசையில் நீ ஐந்தைத் தின்றுவிட்டுப் போனதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அப்படிக் கேட்டால் எனக்கே சிரிப்பு வரும். நீ நலமாகத்தான் இருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நெல்லூருக்கு ரயில் ஏறப்போகிறாய். அதற்குப் புது ஷூ வாங்க இப்போது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிருக்கிறாய். நலமில்லாமல் இருப்பது நான்தான். ஒரு மாதமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. "இன்னாம்மா, இளைச்சுகினே போறே, சுகர் பாத்தியா?" என்று போன வாரம் கேட்டாய். சுகர் இல்லடா. நீதான்.

நேரில் சொல்லலாம். சொன்னால் இரண்டாவது வார்த்தைக்கே, "வுடும்மா, முடிஞ்சு போனதப் போய் நோண்டிகினு" என்று வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாய். காகிதத்திடம் அப்படிச் செய்ய முடியாது. இதை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. கூடத்தில் டி.வி. மேல் திறந்தபடியே வைப்பேன், யார் எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும். உங்கப்பாவும் படிக்கட்டும். தனசேகர் அண்ணன் பண்ணையில் இறால் குஞ்சு அத்தனையும் செத்தது என் வயரிங்கால்தான் என்று அவரும் நம்பிக்கொண்டிருக்கிறார். அணுபுரத்தில் தோட்ட வேலை முடித்து வந்ததும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பாத்திரம் கழுவி வைக்கிறார். அந்த இரக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை.

மறைமலைநகரில் பேனல் போர்டு, அதாவது மோட்டார்களை ஓட்டும் மின் பெட்டி, செய்யும் கம்பெனியில் நான் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தேன். வயர் வெட்டித் தரும் ஆளாகச் சேர்ந்து, கடைசியில் என் கையெழுத்து இல்லாமல் ஒரு பேனலும் வெளியே போகாது என்ற நிலைக்கு வந்தேன். அது உனக்குத் தெரிந்த கதைதான். தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் எழுதுகிறேன். ஒவ்வொரு வயரின் நுனியிலும் நம்பர் வளையம் போடுவேன். ஸ்க்ரூவை முறுக்கியதும் வயரைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பேன். அசையவில்லை என்றால் ஸ்க்ரூ தலையிலிருந்து பக்கத்துப் பிளாஸ்டிக் வரைக்கும் சிவப்புப் பெயிண்டால் ஒரு சின்னக் கோடு போடுவேன். பிறகு யார் அதைத் திருப்பினாலும் கோடு விலகிவிடும். எத்தனை அவசரமானாலும் இழுக்காமல் கோடு போட்டதில்லை. கம்பெனியில் சிரிப்பார்கள், "அக்கா எல்லாத்துக்கும் குங்குமம் வெச்சு அனுப்புறாங்க" என்று. சிரிக்கட்டும். என் பேனல் ஒன்றுகூட லூஸ் காண்டாக்ட் என்று திரும்பி வந்ததில்லை. எனக்கு நகை இல்லை, நிலம் இல்லை. இந்த ஒரு பெயர்தான் இருந்தது.

அந்தப் பெயரை நம்பித்தான் தனசேகர் அண்ணன் நம் வீட்டுக்கு வந்தார். சதுரங்கப்பட்டினம் தாண்டிக் கடலோரமாக இருக்கிறது அவருடைய ஹேச்சரி, இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணை. தொட்டி தொட்டியாக, கண்ணுக்கு நூல் மாதிரி தெரிகிற இறால் குஞ்சு. அதுகளுக்குச் சாப்பாடு ஒரு வேளை தவறினாலும் தாங்கும், காற்று அரை மணி நேரம் நின்றால் தாங்காது. காற்று ஊதும் புளோயர் இரண்டு. ஒன்று நின்றால் ஆள் ஓடிப்போய் இன்னொன்றைப் போட வேண்டும். கரண்ட் போனால் ஆள் ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட வேண்டும். "யக்கா, ஆள நம்பி முடியல. ஒருத்தன் ஃபோன் பேசிகினு இருந்தான்னா என் பொழப்பு போச்சு. தானா ஓடுற மாதிரி ஒரு பொட்டி பண்ணிக் குடு. பெருசா வேணாம், நம்ம சக்திக்கு ஏத்தாப்புல" என்றார். நீ டிப்ளமோ முடித்து இரண்டு வருஷம் ஊர் ஊராக ஒப்பந்த வேலைக்கு அலைந்துகொண்டிருந்த நேரம். வயரிங் நான், புரோகிராம் நீ என்று அன்றைக்கே பேசி முடித்தோம். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து செய்யும் முதல் வேலை. பெருமையில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? கூடத்துத் தரையில் காகிதத்தைப் பரப்பிக்கொண்டு பெட்டிக்கு மூளையாக எந்தக் கன்ட்ரோலர் வாங்குவது என்று சண்டை போட்டோம். உள்ளே வரும் சிக்னல் எத்தனை, வெளியே போகும் சிக்னல் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் மிகச் சின்னதே போதும். எட்டு உள்ளே, ஆறு வெளியே, மேலே இரண்டு காலியாக இருக்கட்டும் என்றேன். பிறகு என் வழியில் கேட்டேன். உள்ளே சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் ரிலே போனால் அதை மட்டும் கழற்றி மாற்ற முடியுமா? புரோகிராம் ஏற்றுகிற சாஃப்ட்வேருக்கும் கேபிளுக்கும் தனியாக அழ வேண்டுமா? உப்புக் காற்றில் நிற்குமா? கெட்டுப்போனால் அன்றைக்கே பஸ் ஏறிப்போய்ச் சென்னையில் அதே சாமானை வாங்கி வர முடியுமா? எல்லாவற்றுக்கும் மேலே, கரண்ட் போய்த் திரும்பினால் அது என்ன செய்யும்? அதற்காகத்தான் அந்தச் சாம்பல் நிறக் கன்ட்ரோலரைச் சொன்னேன். பார்க்க ஒரு அழகும் இல்லாதது. ஆனால் எந்த நிலையில் ஓடிக்கொண்டிருந்தோம் என்பதைப் பேட்டரி இல்லாமலே ஞாபகம் வைத்துக்கொள்ளும். நீ ஃபோனில் வேறொன்றைக் காட்டினாய். வைஃபை உள்ளேயே இருக்கிறது, ஓனர் வீட்டில் உட்கார்ந்தபடியே தொட்டியைப் பார்க்கலாம் என்றாய். விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். "ஓனர் பார்க்கிறதுக்கு இல்லடா, குஞ்சு மூச்சு வுடறதுக்கு" என்றேன். நீ சிரித்தாய். சரிம்மா, நீ சொல்றதே வாங்கறேன் என்றாய்.

செவ்வாய்க்கிழமை வைஃபை வைத்ததோடு வந்து நின்றாய். "நீ சொன்னது ஸ்டாக் இல்லம்மா, வர்றதுக்கு மூணு வாரம் ஆவும்னான்." நம்பினேன். பெற்ற பிள்ளை கடையில் கேட்டுவிட்டு வந்து சொல்வதை எந்தத் தாய் சரிபார்ப்பாள்? அந்தக் கடைக்காரரிடம் போன வாரம்தான் நானே ஃபோனில் கேட்டேன். அந்தச் சாம்பல் நிறம் அவரிடம் தீர்ந்ததே இல்லையாம். நீ கேட்கவே இல்லையாம். சின்னப் பொய்தான், வண்டியை மெதுவாக ஓட்டினேன் என்பது மாதிரி. அன்றைக்கே அதைப் பிடித்திருந்தால் பெரிய பொய்க்கு நீ போயிருக்க மாட்டாயோ என்று இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன்.

என் பங்குத் தப்பையும் எழுதத்தான் வேண்டும். பேனலை மாட்டி ஓடவிட்ட நாளில் தனசேகர் அண்ணன் குடும்பமே வந்திருந்தது. நான் மெயினை ஆஃப் செய்து திரும்பப் போட்டுப் பார்த்தேன். புளோயர் தானாக ஓடியது. கை தட்டினார்கள். நீ ஃபோனை எடுத்துத் தொட்டியின் காற்றழுத்தத்தைக் காட்டினாய், அவர் பெண்டாட்டி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அப்போது கன்ட்ரோலரின் ஓரத்தில் சின்ன மூடி ஒன்றைப் பார்த்தேன். உள்ளே பட்டன் பேட்டரி. இந்தப் பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. கம்பெனியாக இருந்தால் அதைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை மெயினை ஆஃப் செய்திருப்பேன். உன் முகம் அப்படி ஜொலித்துக்கொண்டிருந்தது. அத்தனை பேர் முன்னால் உன்னைக் கேள்வி கேட்க மனசு வரவில்லை. வாயை மூடிக்கொண்டேன். அந்த ஒரு கேள்வியை நான் விழுங்கியதற்காக என்னை யார் வேண்டுமானாலும் குற்றம் சொல்லட்டும், ஒத்துக்கொள்கிறேன்.

மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு மாசி மகம் வந்தது. அன்றைக்குக் கடற்கரை முழுக்க ஜனம். சாமியைக் கடலுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், மேளம், வேட்டு. ஹேச்சரி ஆட்கள் எல்லாரும் குளிக்கப் போய்விட்டார்கள். கேட்டைப் பார்த்துக்கொள்ளும் வசந்தா மட்டும் இருந்தாள். மத்தியானம் கரண்ட் ஒரு நிமிஷம்கூடப் போகவில்லை, ஒரு வெட்டு வெட்டிவிட்டு வந்தது. அந்த வெட்டில் நின்ற புளோயர் திரும்ப ஓடவில்லை. இரண்டாவதும் ஓடவில்லை. காற்று நின்றால் அடிக்க வேண்டிய சைரனும் அதே கன்ட்ரோலர் கையில்தானே, அதுவும் அடிக்கவில்லை. மேளச் சத்தத்தில் புளோயர் இரைச்சல் நின்றது வசந்தாவுக்குத் தெரியவில்லை. தொட்டிப் பக்கம் அவள் போனபோது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. குஞ்சு அத்தனையும் அடியில் படிந்து கிடந்தது. கையால் ஓட்டும் சுவிட்ச் ஒன்று பேனலிலேயே இருக்கிறது. ஆனால் நீ, "யாரும் தொடக் கூடாது" என்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தாய். அவள் தொடவில்லை, ஃபோன் செய்தாள்.

நீ அன்றைக்கு மாமல்லபுரத்தில் உன் நண்பர்களோடு இருந்தாய். பைக்கில் முதலில் போய்ச் சேர்ந்தவன் நீ. பிறகு தனசேகர் அண்ணன். நான் செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்து, திருக்கழுக்குன்றத்தில் கூட்டத்தில் மாட்டி, ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தேன். பேனல் கதவு திறந்திருந்தது. அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். நீ என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பாரும்மா, பன்னண்டாம் நம்பர் வயரு. லூசாகி வெளிய வந்துடுச்சு. வயரிங்ல கோட்ட வுட்டுட்டியே" என்றாய்.

பன்னிரண்டாம் நம்பர் எது என்று மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கன்ட்ரோலரிலிருந்து வெளியே போகும் எல்லாவற்றுக்கும் பொதுவான வயர் அது. அதைக் கழற்றினால் இரண்டு புளோயரும் ஓடாது, சைரனும் அடிக்காது. நூற்றுச் சொச்சம் வயரில் அந்த ஒன்றைக் குறிவைத்து எடுக்க வேண்டுமென்றால் பேனலைத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். உனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவள் நான். கிட்டே போய்ப் பார்த்தேன். சிவப்புக் கோடு விலகியிருந்தது, ஸ்க்ரூ நான்கு சுற்று வெளியே வந்திருந்தது. சுவரில் ஆணியடித்து மாட்டிய பெட்டியில், அதிர்வே இல்லாத இடத்தில், மூன்று மாதத்தில் ஒரு ஸ்க்ரூ தானாக நான்கு சுற்றுக் கழலாது. கழன்றிருந்தாலும் அந்த உப்புக் காற்றில் மரை மங்கிப் போயிருக்கும். அது புதுசு மாதிரிப் பளபளத்தது. கழற்றி இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது அருள். அந்த நிமிஷமே. நான் உன்னைப் பார்த்தேன். நீ தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இன்னாக்கா, இன்னா சொல்றே?" என்று அண்ணன் கேட்டார். "ஆமாண்ணே, என் தப்புதான்" என்றேன். பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நீ கழற்றியதை நானே முறுக்கினேன். ஸ்க்ரூடிரைவர் ஒரு தடவை வழுக்கியதைப் பார்த்து, வயசாயிடுச்சு என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இந்த ஒரு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ பத்தாவது படித்தபோது பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு லிஃப்ட் மாதிரி ஒன்று செய்தாயே. லேபிலிருந்து வாங்கிய பவர் சப்ளையில் வயரை மாற்றிக் கொடுத்துப் புகையவிட்டாய். வாத்தியார் என்னைக் கூப்பிட்டு விட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக நின்றாய். நான் யோசிக்கவே இல்லை. "நான்தான் சார் வீட்டில் கட்டிக் கொடுத்தேன், மாத்திக் கட்டிட்டேன்" என்றேன். "பேனல் கம்பெனியில வேலை செய்யறேன்றீங்க, இது தெரியாதா?" என்று அத்தனை பிள்ளைகள் முன்னால் அவர் கேட்டார். வெளியே வந்ததும் நீ பானிபூரி வேண்டும் என்றாய். வாங்கிக் கொடுத்தேன். நீ தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்று. வாத்தியார், நீ வண்டியால் இடித்த பக்கத்து வீட்டுக்காரர், உன் முதல் முதலாளி என்று அதற்குப் பிறகும் எத்தனை பேரிடம் உனக்காக நான் பேசியிருக்கிறேன். எந்தத் தப்பாக இருந்தாலும் தூக்கிப்போட ஒரு இடம் இருக்கிறது, அது அம்மா தலை என்று உனக்குக் கற்றுக் கொடுத்தவளே நான்தான். இதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. நான் கெட்ட பழக்கம் பழக்கினேன். ஆனால் ஸ்க்ரூவைக் கழற்றியது உன் கை.

மறு வாரமே அண்ணன் வேறு ஆளை வைத்துச் சாதாரண ஸ்டார்ட்டரைப் போட்டுக்கொண்டு, "உன் பொட்டிய எடுத்துகினு போயிடு" என்றார். பிறகு கடற்கரை நெடுக என் பெயர் போனது. கோவளம் பக்கத்து ஐஸ் பிளாண்டில் பேசி வைத்திருந்த வேலையை, "வேணாம்மா, பேஜாரு" என்று நிறுத்திவிட்டார்கள். பெட்டியைத் திரும்ப எடுக்கப் போன அன்றைக்கு வசந்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "யக்கா, நான் சொன்னேன்னு சொல்லிடாதே, வேலை பூடும். அந்தப் பொட்டியில ஒரு வாரமா சின்னதா செவப்பு லைட்டு எரிஞ்சுகினு இருந்துச்சு. தம்பிகிட்ட சொன்னேன். ஒண்ணுமில்ல, தொடாதேன்னுச்சு. அன்னிக்கி வந்து போன்ல இன்னாத்தையோ அமுக்குச்சு, காத்து வந்துடுச்சு. கொஞ்ச நேரம் தலையப் புடிச்சுகினு நின்னுச்சு. அப்பால ஆஃப் பண்ணிட்டு ஸ்க்ரூடிரைவர எடுத்துச்சு." தலையாட்டிவிட்டுப் பெட்டியைக் கழற்றப் போனேன். கேட்க என்ன இருக்கிறது?

வீட்டுக்குக் கொண்டுவந்து, நீ வெளியே போயிருந்த நேரத்தில், கன்ட்ரோலரை மட்டும் கழற்றி ஒரு பலகையில் மாட்டினேன். புளோயருக்குப் பதில் ஒரு பல்பு. ஃபோனில் ஆட்டோ, அதாவது தானாக ஓடும் நிலையைப் போட்டேன், பல்பு எரிந்தது. பிளக்கைப் பிடுங்கித் திரும்பப் போட்டேன். எரியவில்லை. உள்ளே புரோகிராம் பத்திரமாக இருக்கிறது. ஆட்டோவில் ஓடிக்கொண்டிருந்தோம் என்ற ஞாபகம் மட்டும் பேட்டரி தீர்ந்ததால் போய்விடுகிறது. யாராவது ஃபோனில் அமுக்குவார்களா என்று காத்துக்கொண்டு நிற்கிறது. புதுப் பேட்டரி போட்டதும் அந்தச் சிவப்பு லைட் அணைந்தது, பல்பு சரியாக எரிந்தது. பேட்டரியே இல்லாவிட்டாலும், கரண்ட் வந்தால் ஆட்டோவில் தொடங்கு என்று நீ ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அவ்வளவுதான் உன் தப்பு. அதைச் சொல்லியிருந்தால் அண்ணன் கத்தியிருப்பார், ஒரு அறைகூட விட்டிருப்பார். பக்கத்தில் நானும் நின்றிருப்பேன். பேட்டரியைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டேன் என்று என் பங்கைச் சொல்லியிருப்பேன். தப்பு செய்ததற்காக நான் உன்மேல் வருத்தப்படவே இல்லை. வேலை செய்கிறவன் தப்பு செய்வான். நீ செய்தது துரோகம். உனக்கு அந்த வார்த்தை பெரிதாகத் தெரியும். எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. பதினெட்டு வருஷம் நான் இழுத்துப் பார்த்துக் கோடு போட்ட கையை, ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பொய்யாக்கிவிட்டாய்.

இதையும் விழுங்கிக்கொண்டுதான் இருந்திருப்பேன், அந்த நெல்லூர் வேலை வராமல் இருந்திருந்தால். அண்ணனுடைய மச்சானுக்கு அங்கே ஐந்து ஹேச்சரி. ஐந்துக்கும் தானியங்கிப் பெட்டி போட வேண்டுமாம். "பையன் கெட்டிக்காரன், அவங்கம்மாவாலதான் நம்மளுது கெட்டுது" என்று அண்ணன் சொன்ன ஒரு வார்த்தையில் உனக்கு வேலை கிடைத்தது. போன திங்கட்கிழமை நீ ஃபோனில் யாரிடமோ அதே வைஃபை கன்ட்ரோலரைச் சொல்லிக்கொண்டிருந்தாய், ஐந்து வேண்டும் என்று. சமையலறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் பெயர் போனது போகட்டும். அங்கே இன்னொரு வசந்தா கேட்டில் உட்கார்ந்திருப்பாள். இந்த முறை லூஸ் வயர் என்று யார் தலையில் போடுவாய்? அங்கே உனக்கு அம்மா இல்லையே.

அதனால் நேற்று நான் தனசேகர் அண்ணனைப் பார்க்கப் போனேன். பலகையைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். நடந்ததைச் சொன்னேன். வசந்தா பெயரை எடுக்கவில்லை, இதைப் படிக்கிற யாரும் வெளியே எடுக்க வேண்டாம். அவர் முகம் சுருங்கியது. "இன்னாக்கா, ஒன் பேரு கெட்டுதுன்னு பெத்த புள்ள மேல போடுறியே. நல்லாவா கீது?" என்றார். பலகையை எடுத்து வைத்துப் பல்பைக் காட்டினேன். அவர் ஃபோனிலேயே ஆட்டோவை அமுக்கச் சொன்னேன். பழைய பேட்டரி, பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன், பல்பு எரியவில்லை. புதுப் பேட்டரி, எரிந்தது. அவரே பிளக்கை வாங்கி நாலைந்து தடவை பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார். பிறகு ஸ்க்ரூ எப்படிக் கழன்றது என்று அவராகவே கேட்டார். சொன்னேன். பிளக்கைக் கீழே வைத்தார். "வூட்டுக்கு வந்தா சோறு போட்டு அனுப்புனேனே அவனுக்கு" என்றார். நெல்லூருக்கு ஃபோன் போட எடுத்தார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், பிடித்துக்கொண்டு அழுதேன். "ஞாயித்துக்கெழம மத்தியானம் வரைக்கும் பொறுங்கண்ணே. அவனே வந்து சொல்லட்டும்" என்றேன். உன் வேலையைக் காப்பாற்ற அழவில்லை. அது போனால் போகட்டும், வேறு கிடைக்கும். வந்து சொல்கிற ஒரு வாய்ப்பு உனக்கு இருக்க வேண்டும் என்றுதான் அழுதேன். அவர் ஃபோனைக் கீழே வைத்தார். ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு நேரம் வரைக்கும் ஹேச்சரியிலேயே இருப்பதாகச் சொன்னார். அதற்குள் நீ வராவிட்டால் அவர் ஃபோன் செய்வார், ரயில் ஏறி உனக்குப் பயனில்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. உன்னை நான் கூட்டிக்கொண்டு போக மாட்டேன், பக்கத்தில் நிற்க மாட்டேன், என்ன பேசுவது என்றும் சொல்லித் தர மாட்டேன்.

பையைத் தூக்கிக்கொண்டு நான் கிளம்பும்போது கேட் வரைக்கும் வந்தார். "யக்கா, நெசமா சொல்லு. வருவானா ஒன் புள்ள?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் உன்னைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் என் வாயில் பதில் தயாராக இருக்கும். நேற்று இல்லை. தெரியாதுண்ணே என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அம்மா